சொல்லாமல் வரும் ஆய்வாளர்

இங்கிலாந்தின் முதியோர் இல்லங்களுக்குப் பராமரிப்புத் தர ஆணையத்தின் ஆய்வாளர்கள் பெரும்பாலும் முன்னறிவிப்பின்றியே வருவார்கள். பாதுகாப்பு, பலன், பரிவு, தேவையறிந்த சேவை, நிர்வாகம் என ஐந்தையும் சோதிப்பார்கள்.

மருந்துப் பதிவேட்டோடு மாத்திரை இருப்பை ஒப்பிடுவார்கள். ஆனால் காகிதத்தில் எதையும் எழுதிவிடலாம். சாப்பாட்டு வேளையில் ஓரமாக உட்கார்ந்து கவனிப்பதுதான் உண்மையான சோதனை: பேச முடியாத மறதிநோயாளிக்கு முகம் பார்த்து ஊட்டுகிறார்களா, அவசரமாகத் திணிக்கிறார்களா?

'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை நான்கு தரநிலைகள். கிடைத்த தரநிலையை இல்லத்திலேயே கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும்.

இந்தக் கண்காணிப்பும் தவறியதுண்டு. இதே ஆணையத்தின் பொறுப்பில் இருந்த, பிரிஸ்டல் அருகேயுள்ள வின்டர்போர்ன் வியூ மருத்துவமனையில் நோயாளிகள் வதைக்கப்பட்டதை 2011இல் பிபிசியின் ரகசியக் கேமராதான் அம்பலப்படுத்தியது. அங்கே பணிபுரிந்த செவிலியர் ஒருவர் முன்பே எச்சரித்தும் ஆணையம் அசையவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்டது. 11 ஊழியர்கள் தண்டனை பெற்றார்கள்.