வெற்றி முழக்கமும் குழவியின் அழுகையும்

தஞ்சைப் பெருவுடையார் கோயிலை எடுப்பித்த முதலாம் இராசராசன் (985–1014), தன் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்னும் புகழுரையைப் பொறிக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தான். கங்கபாடி, நுளம்பபாடி, ஈழம் என அவன் வென்ற நாடுகள் அதில் வரிசையாக வருகின்றன. அந்நாடுகளில் வீடிழந்தார், மகவிழந்தார் நிலையை அது கூறாது. கூறுவது அதன் நோக்கமும் அன்று. அரசின் பெருமையை ஊரறியச் செய்யும் இத்தகைய உரையை இக்காலத்தார் பரப்புரை என்பர்.

புகழ்பாட எழுந்த நூலிலும் ஒரோவழித் துன்பம் தலைகாட்டும். முதற் குலோத்துங்கனின் கலிங்க வெற்றியைச் சயங்கொண்டார் பரணியாகப் பாடினார். தோற்றோடிய வீரர் தம் நிழலைக் கண்டும் அஞ்சினர் என்றும், வேற்றுக் கோலம் பூண்டு உயிர் பிழைத்தனர் என்றும் அதில் படிக்கிறோம். நகைச்சுவைக்கென அமைந்த பகுதி அது. ஆயினும் உற்றுநோக்கின், களத்தை விட்டு அகன்றும் அச்சம் அகலாத உள்ளத்தின் புண்ணை அங்கே காணலாம்.

அப்பரணிக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே, சங்க காலத்தில், இத்துன்பத்தை மன்னர் எதிரே நின்று எடுத்துரைத்தார் கோவூர்கிழார். ஆவூர் முற்றுகையின்போது நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்து உள்ளிருந்தான். நெல் மலிந்த சோழ நாட்டில் யானைக்குக் கவளம் இல்லை. குழவிக்குப் பால் இல்லை. மகளிர் கூந்தலில் பூ இல்லை. இவற்றை அவனுக்கே காட்டி, அறத்தை விரும்பினும் மறத்தை விரும்பினும் கதவைத் திறத்தலே தகும் என்றார் புலவர்.

பிறிதொருகால், கிள்ளிவளவன் மலையமானின் மக்களை யானைக் காலில் இட முற்பட்டான். அழுதுகொண்டிருந்த அச்சிறுவர் யானையைக் கண்டு அழுகையை மறந்தனர். பின்பு அறியாத மன்றத்தைக் கண்டு மருண்டனர். அம்மருட்சியைப் புலவர் மன்னனுக்குக் காட்டினார். சிறுவர் உய்ந்தனர்.

இன்று இளையோர் விரும்பிப் படிக்கும் கதைகளும் இதனையே பேசுகின்றன. அமெரிக்க எழுத்தாளர் சுசான் காலின்ஸ் 2008-இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ என்னும் புதினத்தில், ஒரு கற்பனை அரசு சிறுவர் சிறுமியரைக் குலுக்கலில் தேர்ந்து, ஒருவரையொருவர் கொல்லச் செய்து, அதனைத் தொலைக்காட்சியில் விழாவாகக் காட்டுகிறது. பிழைத்தவரும் உறக்கத்தில் அலறுகின்றனர். 2010-இல் வந்த அதன் மூன்றாம் நூலில், அவ்வரசை எதிர்ப்போரும் ஓர் இளம்பெண்ணின் முகத்தைத் தம் பரப்புரைக்குக் கருவியாக்குகின்றனர். கொடியவர் மட்டுமே பரப்புரை செய்வர் என எண்ணுதல் பிழை என்பது இதனால் விளங்கும்.

மாணவர்களே! போரைப் பற்றிய உரையை நம்மவர் கூறினும் பிறர் கூறினும், அதில் சொல்லப்படாமல் விடப்பட்டவர் யாவர் என்று வினவுங்கள். மெய்க்கீர்த்தியைப் படியுங்கள், கோவூர்கிழாரையும் உடன் படியுங்கள். இரண்டையும் அறிந்தவரே போரை அறிந்தவர் ஆவர்.