வங்கக் கடல் விழுங்கிய சரக்கு விமானம்

"விமானம் என்ன குண்டூசியா சார், தொலைந்து போவதற்கு?"

ஹிஞ்சேவாடியில் எங்கள் குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2025 நவம்பர் 4 ஆம் தேதி ஒரு சரக்கு விமானம் புறப்படும்போதே விழுந்து எரிந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதன் இடது எஞ்சின் இறக்கையிலிருந்து பிய்ந்து விழுந்ததும், எஞ்சினைத் தாங்கிய உலோகப் பாகத்தில் விரிசல்கள் இருந்ததும் அந்த மாதத்திலேயே வெளியாகிவிட்டன. "அங்கே மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. நம் சென்னையிலிருந்து கிளம்பிய விமானம் எங்கே விழுந்தது என்று தெரியவே ஏழரை வருஷம் ஆயிற்று" என்றேன். அதற்குத்தான் நண்பர் அப்படிக் கேட்டார்.

கேள்வி நியாயமானது. அதற்கான பதிலை நம் சங்க அன்பர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அன்று நடந்தது

2016 ஜூலை 22, வெள்ளிக்கிழமை. காலை எட்டரை மணியளவில் தாம்பரம் விமானப் படைத் தளத்திலிருந்து ஏ.என்.32 ரக விமானம் ஒன்று போர்ட் பிளேருக்குக் கிளம்பியது. ஆட்களையும் சாமான்களையும் அந்தமானுக்கு ஏற்றிச் செல்லும் வழக்கமான பயணம்தான். உள்ளே 29 பேர். விமானத்தை இயக்கியவர்கள் 6 பேர். மற்றவர்கள் விமானப் படை, தரைப் படை, கடற்படை, கடலோரக் காவல் படையைச் சேர்ந்தவர்கள். அவர்களோடு விசாகப்பட்டினம் கடற்படை ஆயுதக் கிடங்கின் சிவிலியன் ஊழியர்கள் 8 பேரும் இருந்தனர்.

வழியில் கருமேகக் கூட்டம். அதைத் தவிர்க்க விமானி பாதையை மாற்றிக்கொண்டார். 9 மணி 12 நிமிடத்துக்கு, 23,000 அடி உயரத்தில் இருந்த விமானம் திடீரென்று இடப்பக்கம் திரும்பி, வேகமாக உயரம் இழந்து, ரேடார் திரையிலிருந்து மறைந்தது. அபாயக் குரல் இல்லை. எந்த அலைவரிசையிலும் சமிக்ஞை இல்லை.

கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கியும் வாரக்கணக்கில் தேடின. ஒரு துண்டு கூடக் கிடைக்கவில்லை. செப்டம்பர் மாதத்தில் தேடுதல் நிறுத்தப்பட்டு, 29 பேரும் இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார்கள் என்று குடும்பத்தாருக்குத் தெரிவிக்கப்பட்டது.

நமக்கு என்ன சம்பந்தம்?

புனே வட்டாரத்துத் தமிழர்களுக்குச் சம்பந்தம் நிறையவே உண்டு. ஐ.டி. பூங்காக்கள் வந்த பிறகு ஹிஞ்சேவாடியில் குடியேறிய என்னைப் போன்றவர்கள் நேற்று வந்தவர்கள். நமக்கு முன்னால் இங்கு வேரூன்றிய தமிழ்க் குடும்பங்கள் பல கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையையும் தேஹு ரோடு ராணுவக் கிடங்கையும் நம்பி வந்தவை. சீருடை அணியாமலேயே ராணுவத்துக்கு உழைத்தவர்கள் அவர்கள். அந்த விமானத்தில் போன 8 கிடங்கு ஊழியர்களும் அதே இனம்தான். உத்தரவு வந்தது, பெட்டியைக் கட்டினார்கள், ஏறினார்கள். நம் வீடுகளிலும் அப்படிப் போய் வந்த அப்பாக்களும் தாத்தாக்களும் இல்லையா?

ஏன் விழுந்திருக்கும்?

சரக்கு விமான விபத்துகளுக்கென்று சில தனிக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றாக எடுத்து இந்த விமானத்தோடு பொருத்திப் பார்ப்போம்.

முதலாவது, சரக்கு நகர்வது. 2013 ஏப்ரல் 29 இல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் கனமான ராணுவ வண்டிகளை ஏற்றிக் கிளம்பிய போயிங் 747 இல் கட்டு அறுந்து வண்டி பின்னால் உருண்டது. அது வால்பகுதியின் இயக்கத்தையே உடைத்துவிட, விமானம் மூக்கைத் தூக்கி அப்படியே விழுந்தது. 7 பேரும் பலி. ஆனால் இவ்வகை விபத்து பெரும்பாலும் விமானம் மேலெழும்பும்போதுதான் நேரும். நம் விமானமோ நாற்பது நிமிடம் ஒழுங்காகப் பறந்து உயரம் எட்டியிருந்தது. கொந்தளிப்பில் சிக்கிக் கட்டு அறுந்திருந்தால் ஒழிய இதற்கு இடம் குறைவு.

இரண்டாவது, தீ. 2010 செப்டம்பர் 3 இல் துபாயிலிருந்து கிளம்பிய சரக்கு விமானத்தில் லித்தியம் பாட்டரிகள் இருந்த சரக்கு தீப்பிடித்து இரண்டு விமானிகளும் மாண்டனர். ஆனால் தீ தெரிந்த பிறகும் அவர்கள் ஏறக்குறைய அரை மணி நேரம் வானொலியில் உதவி கேட்டுக்கொண்டிருந்தார்கள். தீ பொதுவாகப் பேச அவகாசம் தரும். இங்கே ஒரு வார்த்தை கூட வரவில்லை.

மூன்றாவது, இயந்திரக் கோளாறு. சோவியத் நாட்டிலிருந்து 1984 முதல் வாங்கப்பட்ட ரகம் இது. அந்த மாதத்திலேயே இந்த விமானத்தில் சில கோளாறுகள் சரிசெய்யப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் இரண்டு எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்றை வைத்துக்கொண்டு திரும்பி வரலாம். சொல்லவும் நேரம் இருக்கும். உடற்பகுதியோ இறக்கையோ முறிந்தால்தான் இத்தனை மௌனம் பொருந்தும்.

நான்காவது, நாசவேலை. அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் நாடாளுமன்றத்தில் சொன்னார்.

மிஞ்சுவது மேகம். கார்முகில் என்று நாம் அழகாகச் சொல்வதை விமானிகள் எமனாகப் பார்க்கிறார்கள். அதற்குள் காற்று ஒரு பக்கம் அசுர வேகத்தில் மேலே ஏறும், மறு பக்கம் கீழே இறங்கும். 23,000 அடியில் குளிர் உறைநிலைக்குக் கீழே. அங்கும் நீர்த்துளிகள் உறையாமல் மிதந்துகொண்டிருக்கும். இறக்கை பட்டவுடன் பனிக்கட்டியாகப் படியும். இறக்கையின் வடிவம் கெட்டால் அது தூக்கும் சக்தியை இழக்கிறது. ஒரு பக்க இறக்கை முதலில் சக்தி இழந்தால் விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து திரும்பிச் சுழன்று இறங்கும். ரேடாரில் பதிந்த அந்த இடப்பக்கத் திருப்பத்துக்கும் வேகமான இறக்கத்துக்கும் இது பொருந்துகிறது. விமானத்தை நிலைக்குக் கொண்டுவரப் போராடும் விமானி மைக்கைத் தேடமாட்டார். முதலில் விமானத்தைக் காப்பாற்று, பேச்செல்லாம் அப்புறம் என்பதுதான் அவர்களுக்குக் கற்பிக்கப்படும் பாடம்.

இது அனுமானம்தான், தீர்ப்பல்ல. தீர்ப்புச் சொல்லக்கூடியது விமானத்தின் பதிவுக் கருவி ஒன்றுதான்.

கடலடியில் கிடைத்த சாட்சி

2024 ஜனவரி 12 இல் பாதுகாப்பு அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, கரையிலிருந்து சுமார் 140 கடல் மைல் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில் ஒரு விமானத்தின் சிதைவுகளைப் படம் பிடித்திருந்தது. அவை ஏ.என்.32 இன் பாகங்களோடு ஒத்துப்போயின. அந்தப் பகுதியில் வேறு விமானம் எதுவும் காணாமல் போனதில்லை என்பதால், அது இதுவாகவே இருக்கக்கூடும் என்றது அறிவிப்பு. பதிவுக் கருவியைப் பற்றி அதில் பேச்சில்லை.

ஏன் இத்தனை தாமதம்? விமானத்தில் அபாய சமிக்ஞை அனுப்பும் கருவி இருந்தது. அது வானொலி அலையை நம்புவது. தண்ணீருக்குள் அந்த அலை போகாது. நீருக்கடியில் ஒலி எழுப்பி இருப்பிடம் காட்டும் கருவி வேறு. அது இந்த விமானத்தில் இல்லை என்று அப்போதே செய்திகள் வந்தன. கடலைத் தாண்டிப் போகும் விமானத்தில் அது இருக்க வேண்டாமா?

2009 ஜூன் 1 இல் அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தின் பதிவுக் கருவிகளை இரண்டு வருஷம் கழித்து, சுமார் 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்தார்கள். அவை பேசின. வேகம் காட்டும் குழாய்களைப் பனித்துகள் அடைத்ததிலிருந்து விபத்து தொடங்கியது என்று அதனால்தான் உலகுக்குத் தெரிந்தது. உலகெங்கும் விமானிகளின் பயிற்சியும் அதனால் மாறியது.

ஏ.என்.32 ரகத்தில் இது முதல் மர்மமும் அல்ல. 1986 மார்ச் 25 இல், சோவியத் நாட்டிலிருந்து மஸ்கட் வழியாக ஜாம்நகருக்கு வந்துகொண்டிருந்த புது விமானம் ஒன்று 7 பேரோடு அரபிக் கடலில் மறைந்தது. 2019 ஜூன் 3 இல் அருணாசலப் பிரதேச மலையில் ஒன்று மோதி 13 பேர் இறந்தனர். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே எட்டு நாள் ஆயிற்று.

போனவர் எங்கே என்று தெரியாத வீட்டின் துயரம் தனி வகை. பொட்டு வைப்பதா அழிப்பதா, எள்ளும் தண்ணீரும் இறைப்பதா வேண்டாமா என்று ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் தவிப்பதை எந்த நஷ்ட ஈடும் தீர்க்காது. 29 வீடுகளுக்கு இப்போது இடமாவது தெரிந்திருக்கிறது. காரணமும் தெரிய வேண்டும். அது அவர்களுக்கான ஆறுதல் மட்டுமல்ல. நாளைக் காலை பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே போன்ற விமானத்தில் ஏறப்போகிறவர்களுக்குப் பாதுகாப்பும் கூட.