நீரிருந்தும் தாகம்

கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியன ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. நான்கு இதழ்கள் சிலுவை வடிவில் அமைந்த சிறுபூக்களே இக்குடும்பத்தின் அடையாளம். சமவெளி வயல்களில் செழிக்கும் கடுகின் உறவுகள் சில, மரமும் புதரும் வளர இயலாத இமயமலையின் உயரங்களிலும் பூக்கின்றன. லடாக்கில் 6150 மீட்டர் உயரத்தில் ஆறு வகைப் பூக்கும் தாவரங்கள் வாழ்வதை 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு பதிவு செய்துள்ளது. அவற்றுள் மூன்று கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

அவ்வுயரத்தில் மண்ணிலுள்ள நீர் ஆண்டின் பெரும்பகுதி உறைந்தே கிடக்கிறது. உறைந்த நீரை வேர்கள் உறிஞ்ச இயலாது. நீர் அருகிலிருந்தும் செடி வாடும் இந்நிலையைச் செயலியல் வறட்சி என்பர். இதனை வெல்ல அச்செடிகள் தரையோடு தரையாகத் திண்டு போலப் படர்கின்றன. நெருங்கிய இலையடுக்கு வெப்பத்தைக் காத்து, காற்றால் ஏற்படும் நீரிழப்பைக் குறைக்கிறது. உயிரணுக்களில் சேரும் சர்க்கரை, உறைபனியால் விளையும் சேதத்தைத் தடுக்கிறது.

இதே வறட்சியைக் குளிரே அறியாத வடசென்னையிலும் காணலாம். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக வடக்கே சென்றால், கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகத்தை அடையலாம். இங்கு நீரைச் செடிக்கு எட்டாததாக்குவது உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அத்தகைய நீர் தேங்கும் சேற்றில் பெரும்பாலான செடிகள் நீரை உறிஞ்ச முடியாமல் பட்டுப்போகும். உமரியோ அங்கேயே தழைக்கிறது.

உமரி கடுகுக் குடும்பத்தைச் சார்ந்ததன்று. அதன் பூக்கள் கண்ணுக்கு எளிதில் புலப்படாதவை. ஆயினும் மலைச்செடியைப் போன்றே அதுவும் தன் உடலமைப்பால் வறட்சியை வெல்கிறது. உறிஞ்சிய உப்பை உயிரணுக்களின் நுண்குமிழ்களில் ஒதுக்கி வைக்கிறது. உள்ளே உப்பின் செறிவு மிகுவதால் வெளியிலுள்ள நீர் வேருக்குள் புகுகிறது. அந்நீரைச் சதைப்பற்றுள்ள இலைகள் சேமிக்கின்றன. உமரியின் வேர்கள் சேற்றைப் பற்றிக் கரையரிப்பைக் குறைக்கின்றன.

பனியையும் உப்பையும் வென்ற இச்செடிகளுக்கு இன்று வேறோர் இடர் வந்துள்ளது. புவி வெப்பமடையும்போது மலைச்செடிகள் குளிர் நாடி மேலேறலாம். ஆனால் சிகரத்திற்கு மேல் இடமில்லை. கடல்மட்டம் உயரும்போது உமரி நிலப்பக்கம் நகரலாம். ஆனால் அங்கே தொழிற்சாலைச் சுவர்களும் மேடாக்கப்பட்ட நிலங்களும் வழிமறிக்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்துள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அங்குப் பரவியது. உப்பைத் தாங்கும் ஆற்றல் சாம்பலையும் எண்ணெயையும் தாங்க உதவாது.

நெடுங்காலப் பரிணாமத்தில் உருவான இத்தகைய தகவமைப்பு, சில பத்தாண்டுகளில் நிகழும் மாற்றத்திற்கு ஈடுகொடுக்க இயலாது. எனவே ஒரு செடியைக் காப்பது என்பது அச்செடியை மட்டும் காப்பதன்று. அது நகர்ந்து வாழ்வதற்கான நிலத்தையும் விட்டுவைப்பதாகும்.