பள்ளி தந்த லேப்டாப் நம்மைப் பார்க்கிறதா?

லேப்டாப் திரையின் மேல் விளிம்பில், நடுவில் ஒரு சிறிய வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் வெப்கேம். அது இயங்கும்போது பக்கத்திலேயே ஒரு சிறிய விளக்கு எரியும். நீங்கள் வீடியோ கால் எதுவும் பேசாதபோது அந்த விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தால் என்ன நினைப்பீர்கள்? ஏதோ சிஸ்டம் கோளாறு என்று விட்டுவிடுவோம். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தின் லோயர் மெரியன் என்ற ஊரில் மாணவர்கள் சிலரும் அப்படித்தான் விட்டார்கள். கேட்டவர்களுக்குக் கோளாறு என்றே பதில் கிடைத்ததாகப் பின்னர் சொன்னார்கள்.

அந்த ஊரின் பள்ளி நிர்வாகம் தன் இரண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குச் சுமார் 2,300 மேக்புக் லேப்டாப்களை வழங்கியிருந்தது. வீட்டிற்கும் எடுத்துச் செல்லலாம். அவற்றில் லேன்ரெவ் என்ற நிர்வாக மென்பொருள் பதியப்பட்டிருந்தது. அதில் தெஃப்ட்டிராக் என்று ஒரு வசதி. லேப்டாப் திருடு போனால் நிர்வாகி தன் கம்ப்யூட்டரில் இருந்தே அதனை இயக்கலாம். அதன் பின் அந்த லேப்டாப் இன்டர்நெட்டில் இருக்கும் போதெல்லாம் 15 நிமிடத்திற்கு ஒரு முறை வெப்கேமில் ஒரு போட்டோ எடுக்கும், திரையில் உள்ளதையும் படமாகப் பிடிக்கும், ஐ.பி. முகவரியையும் சேர்த்துப் பள்ளியின் சர்வருக்கு அனுப்பிவிடும். திருடனைப் பிடிக்க நல்ல வழிதான். ஆனால் இப்படி ஒரு வசதி இருப்பதை மாணவர்களுக்கோ பெற்றோருக்கோ யாரும் சொல்லவில்லை.

2009 நவம்பரில் ஒரு மாணவனை உதவி முதல்வர் அழைத்து, நீ வீட்டில் தவறாக நடந்து கொள்கிறாய் என்று ஒரு போட்டோவைக் குறிப்பிட்டுச் சொன்னபோதுதான் விஷயம் வெளிவந்தது. மாத்திரை என்று சந்தேகிக்கப்பட்டது வெறும் மிட்டாய் என்றது அந்தக் குடும்பம். 2010 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார்கள். தோண்டியபோது கிடைத்தவை 66 ஆயிரத்திற்கும் மேற்பட்ட படங்கள். அந்த ஒரு மாணவனின் லேப்டாப்பில் இருந்து மட்டும் 400க்கும் மேல். படுக்கையில் தூங்கும் படம் உள்பட. எப்.பி.ஐ.யும் விசாரித்தது, ஆனால் குற்ற வழக்கு போடப்படவில்லை. 2010 அக்டோபரில் 6,10,000 டாலர் தர நிர்வாகம் ஒப்புக்கொண்டு வழக்கை முடித்தது. இதில் 4,25,000 டாலர் வக்கீல்களுக்குப் போனது என்பது வேறு கதை.

இதில் என்னைப் பாதித்தது ஒரு சிறிய விவரம். சில லேப்டாப்கள் திரும்பக் கிடைத்துவிட்டன. மாணவர் கைக்கும் போய்விட்டன. ஆனால் தெஃப்ட்டிராக்கை நிறுத்த மறந்துவிட்டார்கள். அது பாட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டே இருந்தது.

மறப்பது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். இது போன்ற நிர்வாக மென்பொருளைச் சோதனை செய்யும் குழுவில் நான் வேலை பார்த்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை, நண்பன் ஒருவனின் சம்மதத்துடன் அவன் லேப்டாப்பில் திரையைப் படமெடுக்கும் வசதியை இயக்கினேன். அரை மணி நேரச் சோதனைதான். நிறுத்தாமல் வீட்டிற்குக் கிளம்பிவிட்டேன். திங்கட்கிழமை சர்வரைத் திறந்தால் 47 படங்கள். ஒன்றில் அவனுடைய அம்மாவின் மருத்துவ அறிக்கை திறந்திருந்தது. அவனிடம் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானே சொல்லியிருக்காவிட்டால் அவனுக்குத் தெரிந்தே இருக்காது.

பள்ளிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வந்த குழந்தைகள் இன்டர்நெட் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அரசின் இன்டர்நெட் கட்டணச் சலுகை பெறும் பள்ளிகள் ஆபாசத் தளங்களை வடிகட்ட வேண்டும். சிறுவர்களின் இணையப் பயன்பாட்டைக் கண்காணிக்கவும் வேண்டும். ஆனால் தனி ஒருவரின் பயன்பாட்டைப் பின்தொடரும்படி இந்தச் சட்டம் வற்புறுத்தவில்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. பல பள்ளிகள் முதல் பாதியை மட்டும் படித்தன போலும்.

சரி, இது எப்படி இயங்குகிறது? கண்காணிப்பு இரண்டு இடங்களில் நடக்கலாம். ஒன்று, பள்ளியின் நெட்வொர்க்கில். அது பள்ளி வை-பையை விட்டு வெளியே வந்தால் நின்றுவிடும். இன்னொன்று, லேப்டாப்பிற்குள்ளேயே. ஏஜென்ட் என்ற சிறிய புரோகிராமாகவோ பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாகவோ இருக்கும். இது உங்கள் வீட்டுக்கும் கூடவே வரும். முகவரியில் பூட்டுப் படம் இருந்தால் யாரும் பார்க்க முடியாது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பூட்டு வழியில் செல்லும் தகவலுக்குத்தான். ஏஜென்ட் உட்கார்ந்திருப்பது பூட்டுக்கு உள்ளே. ஹிஸ்டரியை அழித்தாலும் பயனில்லை. அதற்குள் தகவல் சர்வருக்குப் போயிருக்கும். குரோம்புக் என்றால் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தாலும், மீண்டும் பள்ளியின் கட்டுப்பாட்டிலேயே திறக்கும்படி நிர்வாகி அமைத்திருக்கலாம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இதுதான். லேப்டாப் உங்கள் சொந்தப் பணத்தில் வாங்கியதாக இருக்கலாம். அதில் உள்ள குரோம் பிரவுசரில் உங்கள் மகள் பள்ளி தந்த கூகுள் அக்கவுண்ட்டில் நுழைந்து, அதனை பிரவுசர் புரொபைலாகவும் ஏற்றுக்கொண்டால், பள்ளி விதித்த எக்ஸ்டென்ஷன்கள் அந்தப் புரொபைலில் தாமாகவே வந்து உட்காரும். அதே புரொபைலில் நீங்கள் பேங்க் வேலை பார்த்தால் அந்தப் பக்கங்களும் எக்ஸ்டென்ஷனின் பார்வையில்தான்.

சோதித்துப் பார்ப்பது எளிது. குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து மெனுவின் அடிவரை பாருங்கள். நிறுவனம் ஒன்றால் நிர்வகிக்கப்படுவதாக ஒரு வரி இருந்தால், அதில் கிளிக் செய்திட என்னென்ன பார்க்க அனுமதி உள்ளது என்ற விவரம் வரும். விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்று ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல் என்பதைத் திறந்தால், பள்ளி அக்கவுண்ட் இணைந்திருக்கிறதா எனத் தெரியும். இணைந்திருந்தால் பதற வேண்டாம். பள்ளி வேலைக்கு ஒரு புரொபைல், வீட்டுக்கு ஒரு புரொபைல் என குரோமில் தனித்தனியாக உருவாக்கிக் கொள்ளுங்கள்; விண்டோஸிலும் தனி யூசர் அமைத்தால் இன்னும் நல்லது.

பள்ளியே தந்த லேப்டாப் என்றால் அதில் உள்ள ஏஜென்ட்டை நீக்க முயலாதீர்கள். அது அவர்கள் பொருள். கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: கேமராவைத் தொலைவில் இருந்து இயக்க முடியுமா, சேரும் தகவலை யார் பார்ப்பார்கள், எத்தனை நாளில் அழிப்பார்கள். பதில் வரும் வரை கேமரா மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டலாம். விளக்கை மட்டும் நம்ப வேண்டாம். 2008-க்கு முந்தைய சில மேக்புக்களில் விளக்கு எரியாமலேயே கேமராவை இயக்க முடியும் என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் செய்தே காட்டினார்கள். ஒன்று மட்டும்: டேப் மைக்கை மூடாது.