வரிசை வீடுகள் கூறும் வரலாறு

“எலி வளையானாலும் தனி வளை வேண்டும்” என்பது நம் முன்னோர் மொழி. எனினும், நிலம் சுருங்கி மக்கள் பெருகும் ஊர்களில் எல்லார்க்கும் தனி வீடு அமைவதில்லை. ஒரே சுவரை இரு குடும்பங்கள் பகிர்ந்துகொள்ள, வீடுகள் தோளோடு தோள் சேர்ந்து வரிசையாக நிற்கின்றன. லயத்து வீடுகளை அறிந்த நமக்கு இது புதிதன்று.

வட அமெரிக்காவின் குளிர் நாடாகிய கனடாவிலும் இத்தகைய வரிசை வீடுகள் உண்டு. சாமானிய மக்கள் வாழ்ந்த அவ்வீடுகள் இன்று அந்நாட்டின் மரபுச் செல்வங்களாகப் போற்றப்படுகின்றன. அவை தமக்கெனத் தனி வடிவம் பெற்றது எவ்வாறு? அழிவிலிருந்து தப்பியது எவ்வாறு? இரண்டு நகரங்களைக் கொண்டு இவற்றை விளக்க முற்படுகிறோம்.

தீயில் பிறந்த தெருக்கள்

கனடாவின் கிழக்குக் கோடியில், அட்லாண்டிக் பெருங்கடலின் ஓரத்தில் செயின்ட் ஜான்ஸ் என்னும் துறைமுக நகரம் உள்ளது. அது நியூபவுண்ட்லாந்துத் தீவின் தலைநகர். அத்தீவு 1949ஆம் ஆண்டில்தான் கனடாவுடன் இணைந்தது. அதற்கு முன்னர் அது பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட தனி நாடாக விளங்கியது. மீன்பிடித் தொழிலே அதன் உயிர்நாடி.

1892ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் மாலை, அந்நகரின் மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு தொழுவத்தில் தீப்பற்றியது. நெடுநாள் மழையின்றி மரங்களும் வீடுகளும் காய்ந்திருந்தன. காற்றும் பலமாக வீசியது. போதாக்குறைக்கு, குழாய்களைப் பழுதுபார்ப்பதற்காக அன்று நீர் நிறுத்தப்பட்டிருந்தது. மீண்டும் திறந்துவிட்டபோதும் மேட்டுப் பகுதிக்கு நீர் போதிய வேகத்தில் ஏறவில்லை. மறுநாள் விடிவதற்குள் நகரின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பதினோராயிரத்திற்கும் மேற்பட்டோர் உடுத்திய உடையோடு வீதியில் நின்றனர். 1846ஆம் ஆண்டிலும் அந்நகரம் இவ்வாறே எரிந்ததுண்டு.

குளிர்காலம் வருமுன் கூரை வேண்டும். ஆகவே மரச்சட்டங்களாலும் பலகைகளாலும் வரிசை வீடுகள் விரைந்து எழுப்பப்பட்டன. அவற்றுள் பலவற்றிற்கு ‘மான்சார்ட்’ என்னும் பிரெஞ்சு நாட்டு முறையில் கூரை அமைத்தனர். அக்கூரையின் உச்சி ஏறத்தாழத் தட்டையாக இருக்கும். முன்புறம் சுவர்போலச் செங்குத்தாகச் சரியும். அச்சரிவிலேயே சன்னல்களும் இருக்கும். இதனால் கூரைக்குள் குனியாமல் நடமாடத்தக்க ஒரு மாடியே கிடைத்தது. சவுத்காட் என்னும் கட்டடக் கலைஞர் இம்முறையை அங்குப் பரப்பியமையால், அது அவர் பெயராலும் வழங்குகிறது.

இன்று அவ்வீடுகள் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை எனப் பளிச்சிடுகின்றன. மூடுபனியில் மீனவர் தத்தம் வீட்டை அடையாளம் காண்பதற்காகப் பூசிய நிறங்கள் இவை என்று கதை கூறுவர். உண்மை வேறு. 1970களில் நகரின் நடுப்பகுதி சீர்கெட்டுக் களையிழந்திருந்தது. பழைய வீடுகளை இடித்துத் தள்ளாமல் காக்க விரும்பியோர், அவற்றைச் செப்பனிட்டு எடுப்பான வண்ணம் பூசத் தொடங்கினர். அயலாரும் அதனைப் பின்பற்றினர். அழகின்மையால் கைவிடப்பட இருந்த தெருக்கள், அழகினாலேயே உயிர் பெற்றன.

வெளியே நிற்கும் மாடிப்படிகள்

அடுத்து, கியூபெக் மாநிலத்தின் பெருநகராகிய மாண்ட்ரியலைக் காண்போம். 1852ஆம் ஆண்டில் அங்கும் பெருந்தீ மூண்டது. அதன்பின், வெளிச்சுவரை மரத்தால் அமைத்தல் கூடாதென விதி பிறந்தது. செங்கல்லும், அருகில் வெட்டியெடுத்த சாம்பல்நிறச் சுண்ணாம்புக் கல்லும் வீட்டு முகப்புகளை அணிசெய்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழிற்சாலைகள் பெருகவே, கிராம மக்கள் பிழைப்புத் தேடி அந்நகரில் குவிந்தனர். அவர்களுக்காக மூன்றடுக்கு வரிசை வீடுகள் எழுந்தன. அடுக்குக்கு ஒரு குடும்பம் அல்லது இரு குடும்பங்கள் குடியிருக்கும். பெரும்பாலும் உரிமையாளர் கீழ்த்தளத்தில் வாழ்ந்துகொண்டு, மேல்தளங்களை வாடகைக்கு விடுவார்.

இவ்வீடுகளின் மாடிப்படிகள் வீட்டிற்குள் இல்லை. தெருவை நோக்கி வெளியே நிற்கின்றன! சில நேராகவும், சில வளைந்தும், சில திருகுபோலச் சுழன்றும் ஏறுகின்றன. கடுங்குளிர் நாட்டில் இஃது ஏன்? பல தெருக்களில் வீட்டின் முன் சிறிது நிலம் விடவேண்டும் என்பது விதி. அந்நிலத்தில் படியை வைத்தால் உள்ளே இடம் மிஞ்சும். உள்ளே படியில்லையேல், அவ்விடத்தைச் சூடாக்க வேண்டிய செலவும் இல்லை. அன்றியும், மேல்மாடியில் குடியிருப்பவருக்கும் தெருவிலிருந்து நேரே தம் வாயிலுக்கு வழி கிடைத்தது. வாடகை வீடாயினும் தனி வளையாயிற்று. ஆயின், பனி உறைந்த நாளில் அப்படிகளில் இறங்குவோர் கைப்பிடியை விடுதல் ஆகாது!

மக்கள் காத்த இல்லங்கள்

அதே நகரில் மில்டன் பார்க் என்றொரு பகுதி உண்டு. வசதி படைத்தோர் வாழ்ந்த அங்குள்ள கல்வீடுகளில், பின்னாளில் குறைந்த வருவாயினரும் மாணவர்களும் குடியேறினர். 1960களில் ஒரு கட்டுமான நிறுவனம் அப்பகுதியின் பெரும்பாலான வீடுகளை வாங்கி, அவற்றை இடித்து உயர்ந்த மாளிகைகள் எழுப்பத் திட்டமிட்டது. குடியிருப்போர் கூட்டம் கூடினர், மனுக்கொடுத்தனர், மறியல் செய்தனர், பலர் கைதாயினர். ஆயினும் 1972ஆம் ஆண்டில் இருநூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் இடிந்து வீழ்ந்தன.

அம்மக்கள் சோர்ந்துவிடவில்லை. பணமுடை நேரவே நிறுவனத்தின் திட்டம் பாதியில் நின்றது. 1979ஆம் ஆண்டில் எஞ்சிய வீடுகளை அரசின் வீட்டுவசதிக் கழகம் வாங்கிற்று. குடியிருந்தோர் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, வீடுகளைப் புதுப்பித்துத் தாமே நிருவகிக்கலாயினர். அறுநூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அங்கு இல்லம் உறுதியாயிற்று. இலாபம் கருதி எவரும் அந்நிலத்தை விற்றல் இயலாதவாறு 1987ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தமும் செய்துகொண்டனர். அஃது இன்றளவும் நிலைத்து நிற்கிறது.

மாணவச் செல்வங்களே! கூரையின் சரிவிலும், படியின் வளைவிலும், சுவரின் கல்லிலும் காரணம் இருக்கிறது. தீயும், குளிரும், சட்டமும், ஏழையின் பணப்பையும் சேர்ந்து அவ்வீடுகளுக்கு வடிவம் தந்தன. நீங்கள் வாழும் வரிசையையும் அவ்வாறே உற்று நோக்குங்கள். ‘இஃது ஏன் இவ்வாறு அமைந்தது?’ என்று பெரியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.

பெற்றோர்களே! மன்னரின் கோட்டை மட்டுமே வரலாறு அன்று. உழைப்பாளி உறங்கிய கூரையும் வரலாறே. மில்டன் பார்க் மக்களுள் எவரும் தனித்து நின்று தம் வீட்டைக் காத்துக்கொள்ளவில்லை. சுவரைப் பகிர்ந்துகொண்டவர்கள் கவலையையும் பகிர்ந்துகொண்டார்கள். ஆதலால் வீடும் நிலைத்தது.