ஏ.டி.எம் கார்டு அளவு பாப்பிரஸ்... அதில் காணாமல்போன பிலாத்துவின் கேள்வி!

ஏ.டி.எம் கார்டை விடக் கொஞ்சம்தான் பெரியது. 8.9 சென்டிமீட்டர் உயரம், 6 சென்டிமீட்டர் அகலம். ஓரமெல்லாம் பிய்ந்த பாப்பிரஸ் துண்டு. இரண்டு பக்கமும் ஏழேழு வரிகள், கிரேக்க எழுத்தில். புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய பிரதிகளில் ஒன்று என்று ஆய்வாளர்கள் போற்றுவது இதைத்தான்.

1920-ல் பெர்னார்ட் கிரென்ஃபெல் எகிப்தில் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் குவியலோடு, இங்கிலாந்தின் மான்செஸ்டரில் உள்ள ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகும் பல வருஷம் யார் கண்ணிலும் படவில்லை. 1934-ல் காலின் ராபர்ட்ஸ் என்ற இளைஞர்தான், 'இது யோவான் சுவிசேஷம் 18-ம் அதிகாரமாச்சே!' என்று கண்டுபிடித்தார். அடுத்த வருஷம் வெளியிட்டார்.

அது இயேசுவை பிலாத்து விசாரிக்கும் காட்சி. பின்பக்கத்தில் 'சத்தியம்' என்பதற்கான கிரேக்கச் சொல், வரி முடிந்துவிட்டதால் பாதியில் நிற்கிறது. அடுத்த வரியில் 'அவரிடம் சொல்கிறான்' என்ற வார்த்தைகள் இருக்கின்றன. ஆனால், சத்தியம் என்றால் என்ன என்று பிலாத்து கேட்ட அந்தப் புகழ்பெற்ற கேள்வி? அது இருந்த பகுதி பிய்ந்துபோய்விட்டது!

இரண்டு பக்கமும் எழுதியிருப்பதால் இது சுருள் அல்ல, நம் நோட்டுப் புத்தகம் மாதிரி தைத்த ஏடு என்பதும் தெரிகிறது.

வாட்ஸ்அப்பில் இதை 'யோவானே கைப்பட எழுதியது' என்று சுற்றவிடுகிறார்கள். நம்பாதீர்கள். இது ஒரு பிரதி. காலத்தைக் கணித்ததும் கையெழுத்தின் பாணியை வைத்துத்தான். ராபர்ட்ஸ் சொன்னது 2-ம் நூற்றாண்டின் முதல் பாதி. 3-ம் நூற்றாண்டின் தொடக்கம் வரைகூட வரலாம் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். 'கி.பி. 125' என்று அடித்துச் சொல்வதெல்லாம் கொஞ்சம் அதிகம்தான்.

பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆலயத்தைக் கட்டிய ரேனியஸ் ஐயர் 1820-ல் இங்கே வந்தவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் புதிதாக மொழிபெயர்த்தவர். 1838-ல் பாளையங்கோட்டையிலேயே இறந்தார். பிலாத்துவின் கேள்வியை அவரும் தமிழாக்கினார். ஆனால், இந்தத் துண்டு உலகத்துக்குத் தெரியவந்தது அவர் இறந்து 97 வருஷம் கழித்து.

சரி, எகிப்தில் இவ்வளவு காலம் எப்படித் தப்பியது? காரணம், காய்ந்த மணல். ஈரமும் பூச்சியும் இல்லாத இடத்தில் குப்பையில் வீசிய காகிதமும் பிழைத்துக்கொள்ளும். தாமிரபரணிக் கரையில் அதற்கு வழியில்லை. பனையோலையைப் பூச்சி அரிக்கும், ஈரம் தின்னும். சில தலைமுறைக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து புது ஓலையில் பிரதி எடுத்தால்தான் நூல் நிலைக்கும். எடுக்காவிட்டால்?

1880-களின் கடைசியில் பத்துப்பாட்டு ஏடு தேடித் திருநெல்வேலி வந்த உ.வே.சாமிநாதையரிடம், ஒரு வக்கீல் சொன்ன கதை அவருடைய 'என் சரித்திர'த்தில் இருக்கிறது. வீட்டில் வண்டிக்கணக்கில் ஏடுகள் இருந்தனவாம். இடத்தை அடைக்கிறதே என்று யோசித்தபோது, தேர் மாதிரி கட்டி ஆடிப் பதினெட்டில் விடுவதுதான் வழக்கம் என்று வயதான பெண்கள் சொன்னார்களாம். அப்படியே வாய்க்காலில் விட்டுவிட்டார். கரிவலம்வந்தநல்லூர் கோயிலில் இன்னும் ஒரு படி மேலே. பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டதாக அவரிடம் சொன்னார்கள்.

இரண்டு இடத்திலும் ஏட்டின் மேல் வெறுப்பு இல்லை. மரியாதையாகத்தான் வழியனுப்பினார்கள். வண்டிக்கணக்கில் போனதில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதற்கு ஏழு வரித் துண்டுகூட மிஞ்சவில்லை.

ஆச்சி வீட்டுப் பரணில் ஓலைக்கட்டு ஏதாவது கிடக்கிறதா? ஆடி வரும் முன்னே, சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.