ஆட்சியாளரின் மதமும் ஆட்சியின் நீதியும்

 

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துக் காக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஆனி பிறந்து தென்மேற்குக் காற்று வீசத் தொடங்கினால் குற்றாலத்தில் சாரல் விழும். பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் பெருகும். தென்காசி, கடையநல்லூர், வடகரை, புளியங்குடி முதலிய ஊர்களிலிருந்து நம் குடும்பங்கள் அங்கே செல்வது வழக்கம். அருவிக்கரையில் நம் பக்கத்தில் நின்று குளிப்பவர் கோயிலுக்குச் செல்பவரா, தேவாலயத்திற்குச் செல்பவரா என்று நாம் கேட்பதில்லை. அவரும் நம்மைக் கேட்பதில்லை.

ஆனால் வீடு திரும்பிச் செய்தித்தாளை விரித்தால் வேறோர் உலகம் தெரிகிறது. அமெரிக்க அதிபரைச் சூழ்ந்து நின்று பாதிரிமார்கள் பிரார்த்திக்கிறார்கள். பாலஸ்தீன மண்ணை இஸ்ரேலுக்கே உரியதாக்க வேண்டும் என்று வேதத்தின் பெயரால் பேசுகிறார்கள். இதைப் பார்க்கும் நம் பிள்ளைகள், "கிறிஸ்தவர்கள் எல்லோருமே இப்படித்தானா? நமக்குப் பாடம் நடத்தும் ஆசிரியையும் இப்படித்தானா?" என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குத் தவறான பதில் சொன்னால் அடுத்த வீட்டாரைப் பகைவராக்கி விடுவோம். பதிலே சொல்லாவிட்டால் பிள்ளை அதனை வேறு இடத்தில் தேடிக்கொள்ளும். எனவே இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

நம் மண் கண்ட வரலாறு

ஆட்சியில் மதபோதகர்களின் செல்வாக்கு வளர்வதென்பது நமக்குப் புதிதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாடு அதனைக் கண்டிருக்கிறது.

1806 ஜூலை 10ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தனர். புதிய வகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றியில் சமயக் குறிகள் கூடாது, தாடி குறித்த கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும் என்ற இராணுவ உத்தரவுகளே உடனடிக் காரணம். தங்களைக் கிறிஸ்தவர்களாக்கவே இந்த ஏற்பாடு என்று இந்துச் சிப்பாய்களும் முஸ்லிம் சிப்பாய்களும் ஒருசேர அஞ்சினர். அந்த அச்சத்தின் விலை நூற்றுக்கணக்கான உயிர்கள்.

அக்காலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகத்தையே பெரிதாக மதித்தது. மிஷனரிகளைத் தன் எல்லைக்குள் தாராளமாக நுழைய விடவில்லை. ஆனால் இங்கிலாந்தில் எவாஞ்சலிக்கல் எனப்படும் நற்செய்தி இயக்கத்தார் வலுப்பெற்றனர். கம்பெனியின் இயக்குநராகவே இருந்த சார்லஸ் கிராண்ட், பாராளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸ் ஆகியோர் இதற்காகப் பெரும் பிரச்சாரம் செய்தனர். 1813ஆம் ஆண்டுச் சாசனச் சட்டம் மிஷனரிகளுக்கு இந்தியாவின் கதவைத் திறந்துவிட்டது. கல்கத்தாவில் ஆங்கிலத் திருச்சபையின் பேராயர் பதவி உருவாயிற்று. அதற்கான ஊதியம் இந்திய மக்களின் வரிப்பணத்திலிருந்தே வழங்கப்பட்டது. 1820இல் ரேனியஸ் என்ற ஜெர்மானிய மிஷனரி பாளையங்கோட்டைக்கு வந்தார். நெல்லைச் சீமையில் திருச்சபை வேகமாக வளர்ந்தது. இன்றைய தென்காசி மாவட்டம் அன்று அச்சீமையின் மேற்குப் பகுதியாகும்.

சமயப் பிரச்சாரம் செய்வது ஒன்று. அரசு அதிகாரம் அதன் பக்கம் சாய்வது வேறொன்று. 1842 முதல் 1848 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ட்வீட்டேல் பிரபு காலத்தில் இரண்டாவதும் நிகழத் தொடங்கியது. 1845இன் இறுதியில் நெல்லைச் சீமையின் நல்லூர் வட்டாரத்தில் புதிதாகக் கிறிஸ்தவத்தைத் தழுவிய ஏழை மக்களின் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. விபூதிச் சங்கம் என்ற அமைப்பினர் இதில் முன்னின்றனர். ஏராளமானோர் கைதாகித் தண்டனை பெற்றனர். மேல்விசாரணையில் சென்னை சதர் நீதிமன்றம் அவர்களுள் பலரை விடுவிக்க முற்பட்டது. இதையொட்டி ஆளுநருக்கும் நீதிமன்றத்துக்கும் மோதல் மூண்டது. நீதிபதி மால்கம் லெவின் 1846இல் பதவியை இழந்தார். அதே ஆண்டில் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடநூலாக வைக்கலாம் என்றும் ஆளுநர் முன்மொழிந்தார்.

சென்னை மக்கள் கொதித்தெழுந்தனர். 'கிரசென்ட்' என்ற இதழை நடத்தி வந்த கஜுல லட்சுமிநரசு செட்டி தலைமை தாங்கினார். 1846 அக்டோபரில் பெரும் பொதுக்கூட்டம் கூடியது. முறையீடு எழுதப்பட்டு இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. கம்பெனியின் இயக்குநர்கள் பைபிள் பாடத் திட்டத்தை ஏற்கவில்லை. கத்தியை எடுத்தவர்களால் ஆகாத காரியத்தை மனு எழுதியவர்கள் சாதித்தனர். நாம் கவனிக்க வேண்டிய பாடம் இது.

நீதியின் கண் கொண்டு பார்த்தால் இவ்வரலாற்றில் இரு உண்மைகள் உள்ளன. வீடு தாக்கப்பட்ட ஏழைக் கிறிஸ்தவருக்குப் பாதுகாப்புப் பெறும் உரிமை முழுமையாக இருந்தது. அதே வேளையில், தன் மதத்தாரின் வழக்கு என்பதால் ஆளுநர் ஒரு பக்கம் சாய்கிறார் என்ற மக்களின் குறையிலும் நியாயம் இருந்தது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது முஃமினுக்கு அழகல்ல.

1857 புகட்டிய பாடம்

வடநாட்டில் இந்த எச்சரிக்கையை ஆட்சியாளர்கள் செவிமடுக்கவில்லை. சில படையதிகாரிகள் தம் சிப்பாய்களுக்கே கிறிஸ்தவத்தைப் போதித்தனர். 1854இல் ஆக்ராவில் மௌலானா ரஹ்மத்துல்லாஹ் கைரானவி (ரஹ்) அவர்கள் ஃபாண்டர் என்ற மிஷனரியோடு பகிரங்க விவாதம் நடத்தினார்கள். அறிவால் வந்த சவாலை அறிவால் எதிர்கொண்ட அந்த முறை இன்றும் நமக்கு முன்மாதிரியாகும்.

1857இன் பெரும் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின், சர் சையத் அஹ்மத் கான் அதன் காரணங்களை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். அரசு தங்கள் மார்க்கத்தில் தலையிடுகிறது என்ற மக்களின் அச்சத்தை அவர் முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார். 1837ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் அநாதைகளான குழந்தைகள் கிறிஸ்தவர்களாக வளர்க்கப்பட்டது மக்கள் மனத்தில் ஆறாத புண்ணாக இருந்ததையும் எடுத்துரைத்தார். 1858 நவம்பர் 1ஆம் நாள் வெளியான விக்டோரியா பேரரசியின் பிரகடனம், தம் சமயத்தைக் குடிமக்கள் மீது திணிக்கப் போவதில்லை என்றும், மதத்தைக் காரணமாக வைத்து எவருக்கும் சலுகையோ இடையூறோ இராது என்றும் உறுதியளித்தது. அரை நூற்றாண்டுக் காலம் சிந்திய இரத்தத்திற்குப் பின் வந்த உறுதிமொழி அது!

இன்றைய அமெரிக்கா

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1791இல் நிறைவேறிய அந்நாட்டு அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம், அரசு எந்த மதத்தையும் நிறுவக் கூடாது என்கிறது. இதற்காகப் பாடுபட்டவர்களுள் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்களும் அடங்குவர். பெரும்பான்மைத் திருச்சபைகளின் கையில் துன்பப்பட்ட சிறுபான்மையினர் அவர்கள்.

அடிப்படைவாதம் என்று நாம் வழங்கும் சொல்லே 1910 முதல் 1915 வரை அங்கு வெளியான 'அடிப்படைகள்' என்னும் கிறிஸ்தவக் கட்டுரைத் தொகுதிகளின் பெயரையொட்டிப் பிறந்ததாகும். நெடுங்காலம் அவ்வியக்கத்தார் அரசியலில் ஓர் அணியாகத் திரளவில்லை. 1979இல் ஜெரி ஃபால்வெல் என்ற போதகர் 'ஒழுக்கப் பெரும்பான்மை' என்ற அமைப்பைத் தொடங்கிய பின் நிலைமை மாறியது. 1980 தேர்தலில் ரீகனின் வெற்றிக்கு அவ்வமைப்பு உழைத்தது. 1989இல் பாட் ராபர்ட்சன் 'கிறிஸ்தவக் கூட்டணி' கண்டார். 2001இல் அதிபர் புஷ், சமய அமைப்புகளின் தொண்டுக்கு அரசு நிதி கிடைக்க வழிசெய்ய வெள்ளை மாளிகையிலேயே ஓர் அலுவலகம் திறந்தார். 2016, 2024 தேர்தல்களில் வெள்ளை இன எவாஞ்சலிக்கல் வாக்காளர்களில் ஏறத்தாழப் பத்தில் எட்டுப் பேர் டிரம்ப்பை ஆதரித்தனர். கருக்கலைப்பை அரசியல் சட்ட உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2022இல் இரத்துச் செய்தது. 2025இல் வெள்ளை மாளிகையில் சமய நம்பிக்கைக்கான அலுவலகம் மீண்டும் புது வடிவில் அமைக்கப்பட்டது.

இவர்களுள் பெரும் பகுதியினர் கொண்ட ஒரு கொள்கை நம் உள்ளத்தைச் சுடுவதாகும். யூதர்கள் பாலஸ்தீனத்தில் ஒன்று திரள்வது கடைசிக் காலத்தின் அடையாளம் என்று அவர்கள் நம்புகின்றனர். 2006இல் ஜான் ஹேகி என்ற போதகர் இதற்கென்றே இஸ்ரேல் ஆதரவு அமைப்பொன்றை நிறுவினார். 2017 டிசம்பரில் ஜெரூசலத்தை இஸ்ரேலின் தலைநகராக டிரம்ப் அறிவித்தார். 2018 மே 14ஆம் நாள் தூதரகம் அங்கே திறக்கப்பட்டபோது ஹேகியும் பிரார்த்தனை செய்தார். அதே நாளில் காஸா எல்லையில் பாலஸ்தீனர்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

எல்லோரும் ஒன்றல்லர்

இங்கேதான் நாம் நிதானிக்க வேண்டும். ஜெரூசலத்திலுள்ள திருச்சபைத் தலைவர்களே 2017 டிசம்பரில் டிரம்ப்புக்குக் கடிதம் எழுதி, அம்முடிவு வேண்டாம் என்று எச்சரித்தனர். அதற்கு முன் 2006 ஆகஸ்டில், கத்தோலிக்க, ஆங்கிலிக்கன், லூத்தரன், சிரியன் திருச்சபைகளின் ஜெரூசலம் தலைவர்கள் கூடி, கிறிஸ்தவச் சியோனிசம் தவறான போதனை என்று பகிரங்கமாக அறிவித்தனர். 2023இல் பெத்லகேம் கிறிஸ்தவர்கள் காஸாவின் துயரத்தை முன்னிட்டுக் கிறிஸ்துமஸ் கொண்டாட்டங்களைக் கைவிட்டனர்.

வேதக்காரர்கள் அனைவரும் ஒரே தன்மையினர் அல்லர் என்பது ஆல இம்ரான் அத்தியாயத்தின் 113ஆம் வசனம் நமக்குக் கற்றுத்தரும் செய்தி. அமெரிக்கப் போதகரின் அரசியலுக்கு ஆலங்குளத்துக் கிறிஸ்தவ ஆசிரியை எப்படிப் பொறுப்பாவார்? எங்கோ ஒரு முஸ்லிம் செய்த குற்றத்துக்கு நம்மைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கும்போது நாம் அடையும் வேதனையை அவருக்கு நாமே கொடுக்கலாமா?

மீனாட்சிபுரம் காட்டும் கண்ணாடி

1981 பிப்ரவரி 19ஆம் நாள், தென்காசிக்கு அருகேயுள்ள மீனாட்சிபுரத்தில் சாதிக் கொடுமையால் மனம் நொந்திருந்த சுமார் 180 தாழ்த்தப்பட்ட குடும்பத்தினர் இஸ்லாத்தைத் தழுவினர். இச்சிற்றூரின் செய்தி டெல்லியை உலுக்கியது. தலைவர்கள் படையெடுத்து வந்தனர். விஸ்வ இந்து பரிஷத் நாடு முழுவதும் இயக்கம் நடத்தியது. வெளிநாட்டுப் பணம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சாதிக் கொடுமையை எப்படி ஒழிப்பது என்ற கேள்வி பின்னுக்குப் போய், மதமாற்றத்தை எப்படித் தடுப்பது என்ற கேள்வியே முன்னுக்கு வந்தது. 2002இல் தமிழக அரசு மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தபோது முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஒரே குரலில் எதிர்த்தனர். 2004இல் அது திரும்பப் பெறப்பட்டது.

சகோதரர்களே! 1846இல் ஓர் ஆட்சி மதம் மாறியவர் பக்கம் சாய்கிறது என்று மக்கள் முறையிட்டனர். 1981க்குப் பின் மதம் மாறியவருக்கு எதிராகச் சாயும்படி ஆட்சி நெருக்கப்பட்டது. திசைகள் வேறு, தவறு ஒன்றே. ஆட்சியின் தராசில் மதத்தை எடைக்கல்லாக வைத்தால், இன்று தாழும் தட்டு நாளை உயரும். நீதி மட்டும் எந்நாளும் கிடைக்காது.

மார்க்கம் காட்டும் வழி

ஜெரூசலம் முஸ்லிம்களின் கைக்கு வந்தபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அந்நகரின் பெரிய தேவாலயத்தைப் பார்வையிட்டார்கள். தொழுகை நேரம் வந்தது. உள்ளேயே தொழுமாறு பாதிரியார் வேண்டினார். உமர் (ரலி) அவர்கள் மறுத்து, வெளியே வந்து தொழுதார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். தாம் அங்கே தொழுதால் பின்வரும் முஸ்லிம்கள் அதனைக் காரணம் காட்டித் தேவாலயத்தை எடுத்துக்கொள்வர் என்று அஞ்சினார்கள். ஆட்சியாளரின் தனிப்பட்ட வணக்கம்கூட மற்றவரின் உரிமையைப் பறிக்கும் ஆதாரமாகிவிடக் கூடாது என்ற அந்த எச்சரிக்கையை என்னவென்பது!

மக்காவின் கொடுமை தாளாமல் நம் முன்னோர்கள் அடைக்கலம் தேடியது ஹபஷாவின் கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷியிடம். அவர் தம் மதத்தைப் பாராமல் நீதியைப் பார்த்தார். மார்க்கத்தில் வற்புறுத்தலுக்கு இடமில்லை என்பது அல்பகரா 256ஆம் வசனத்தின் போதனை. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது என்பது அல்மாயிதா 8ஆம் வசனத்தின் கட்டளை. இவை வல்லவனுக்கும் எளியவனுக்கும் பொதுவானவை.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, நம் உரிமையை அறிவோம். இந்திய அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு மார்க்கத்தைப் பின்பற்றவும் எடுத்துரைக்கவும் உரிமை தருகிறது. 28ஆம் பிரிவின்படி, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையங்களில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளிகளிலும், பெற்றோரின் சம்மதமின்றி ஒரு பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ ஈடுபடுத்த முடியாது. பிள்ளையைச் சேர்க்கும்போதே தலைமையாசிரியரிடம் இதனைப் பண்போடு எடுத்துச் சொல்லலாம். சண்டைக்கு அங்கே வேலையில்லை.

இரண்டாவதாக, பிள்ளைகளுக்கு ஈமானை வீட்டிலேயே ஊட்டுவோம். வேரூன்றிய மரம் காற்றுக்கு அஞ்சாது. மக்தபுக்கு அனுப்புவதோடு கடமை முடிந்ததென்று இருந்துவிடாமல், ஈஸா நபி (அலை), மர்யம் (அலை) ஆகியோரின் வரலாற்றைக் குர்ஆனிலிருந்து நாமே சொல்லிக் கொடுப்போம்.

மூன்றாவதாக, அண்டை வீட்டாரோடு உள்ள உறவைப் பேணுவோம். பெருநாள் பிரியாணி போகும் வீடுகளில் கிறிஸ்தவர் வீடும் இருக்கட்டும். இவ்விரு சமுதாயங்களும் சிறுபான்மையினராக ஒன்றுபட்டு நிற்க வேண்டிய நேரங்கள் வரும், 2002இல் வந்தது.

அருவிநீர் எவர் தலையில் விழுகிறோம் என்று பார்ப்பதில்லை. ஆட்சியின் நீதியும் அவ்வாறே அனைவர் மீதும் சமமாகப் பொழிய வேண்டும் என்று நாம் விரும்பினால், முதலில் நம் நாவும் நம் உள்ளமும் நீதியில் நிலைபெற வேண்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், வெறுப்பின்போதும் நீதி தவறாத நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் ஆக்கி அருள்வானாக! பாலஸ்தீன மக்களின் துயரைத் துடைத்து, நம் நாட்டில் நல்லிணக்கத்தை நிலைநிறுத்துவானாக! ஆமீன்.